தடுப்பூசி போட்ட பிறகு நெஞ்சு இறுகினால்: ஆஸ்துமா உள்ள இளைஞருக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 20 வயது. சிறு வயதிலிருந்து ஆஸ்துமா இருக்கிறது. காலையும் இரவும் அடிக்க ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூச்சு நன்றாக இருக்கும் மாதங்களில் அதை விட்டுவிடுவேன். இழுப்பு வந்தால் மட்டும் சால்பியூட்டமால் (நீல இன்ஹேலர்) அடித்துக்கொள்வேன். கொரோனா தடுப்பூசி (எம்ஆர்என்ஏ வகை) இரண்டாவது தவணை போட்ட அன்று இரவு குளிர்காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சு இறுக்கம். மறுநாள் முழுக்க நீல இன்ஹேலர் தேவைப்பட்டது. இப்போது புளூ ஊசியும் கொரோனா ஊசியின் அடுத்த தவணையும் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். 'ஸ்டீராய்டு எடுத்தால் ஊசி வேலை செய்யாது, ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடு' என்கிறான் நண்பன். சிறு வயதில் முட்டை சாப்பிட்டால் தோலில் தடிப்பு வரும். ஊசி ஆஸ்துமாவைக் கிளப்பிவிடுமா? காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென் போடலாமா?

பதில்: நண்பர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே ஆபத்தானது அந்த யோசனைதான். ஊசிக்காக ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். இன்ஹேலரில் வருவது மைக்ரோகிராம் அளவு மருந்து. அது மூச்சுக்குழாயின் உள்சுவரில் படிந்து அங்கேயே வேலை செய்கிறது. வழக்கமான அளவில் எடுக்கும்போது தடுப்பூசியின் பலனைக் கெடுக்கும் அளவுக்கு ரத்தத்தில் சேர்வதில்லை. நிறுத்தினால் அடங்கியிருந்த அழற்சி மெல்லத் தலைதூக்கும். அந்த நேரம் பார்த்து ஊசியால் காய்ச்சலும் வந்தால், வேகமாக மூச்சு வாங்கும் உடம்பும் வீங்கிய மூச்சுக்குழாயும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். சென்ற முறை உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூச்சு நன்றாக இருந்த மாதங்களில் மருந்தை விட்டிருந்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஸ்டீராய்டு பற்றிய இந்தப் பயம் வெறும் வதந்தியிலிருந்து வந்ததல்ல. அது மாத்திரைக்கான விதி; இடம் மாறி இன்ஹேலருக்கு வந்துவிட்டது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ, 14 நாளோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு, நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரை உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைப் போடுவதில்லை. தட்டம்மை-பொன்னுக்குவீங்கி-ரூபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி, மஞ்சள்காய்ச்சல் ஊசி ஆகியவை அந்த வகை. கையில் போடும் புளூ ஊசியிலும் எம்ஆர்என்ஏ கொரோனா ஊசியிலும் உயிருள்ள வைரஸ் கிடையாது. மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவருக்கும் இவற்றைப் போடலாம்; அதிக அளவில் எடுத்தால் உருவாகும் எதிர்ப்புச் சக்தி சற்றுக் குறையலாம், அவ்வளவுதான். இழுப்புக்காக ஐந்து, ஏழு நாள் மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால், அந்த இழுப்பு அடங்கும்வரை ஊசியைத் தள்ளிப்போடுவது நல்லது. காரணம் மாத்திரை அல்ல. அந்த நாள்களில் மூச்சு மோசமானால் ஊசியாலா, பழைய இழுப்பாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஊசி ஆஸ்துமாவைக் கிளப்புமா என்பதற்குப் புளூ ஊசியில் தெளிவான பதில் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் 3 முதல் 64 வயது வரையிலான ஆஸ்துமா நோயாளிகள் 2,032 பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்மையான ஊசியும் இன்னொரு முறை மருந்தில்லாத வெற்று ஊசியும் போடப்பட்டன. எது முதலில், எது பின்னர் என்பது அவர்களுக்குத் தெரியாது. அடுத்த இரண்டு வாரங்களில் ஆஸ்துமா மோசமானவர்கள் உண்மை ஊசிக்குப் பிறகு 28.8 சதவீதம், வெற்று ஊசிக்குப் பிறகு 27.7 சதவீதம். ஏறக்குறைய ஒன்றேதான். உடம்புவலி மட்டும் உண்மை ஊசிக்குப் பிறகு கூடுதலாக இருந்தது: 25.1, 20.8.

இதில் 27.7 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மருந்தே இல்லாத ஊசிக்குப் பிறகும் நூற்றில் 28 பேருக்கு இரண்டு வாரத்துக்குள் சின்னதும் பெரியதுமாக ஆஸ்துமா மோசமாகியிருக்கிறது. ஆஸ்துமாவின் இயல்பு அது. தூசி, சளி, குளிர்காற்று, மருந்து விட்டுப்போனது என்று ஏதாவது ஒரு காரணத்தில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வாரத்தில் ஊசி போட்டிருந்தால் ஊசிதான் காரணம் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடும். அம்மாவின் பயம் நியாயமானது; இரவு முழுக்க நீங்கள் மூச்சு வாங்கியதைப் பார்த்தவர் அவர். 28.8, 27.7 என்ற இரண்டு எண்களையும் அவரிடம் காட்டுங்கள்.

விலக்கு ஒன்று உண்டு: மூக்கில் அடிக்கும் புளூ தடுப்பு மருந்து. அதில் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. சிறு குழந்தைகளில் வீசிங்கைக் கூட்டியது தெரியவந்ததால், ஆஸ்துமாவோ அண்மையில் வீசிங்கோ இருந்த 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கு அதைத் தருவதில்லை. அதற்கு மேற்பட்ட வயதிலும் ஆஸ்துமா இருந்தால் எச்சரிக்கையோடுதான் யோசிப்பார்கள். நீங்கள் கையில் போடும் ஊசியையே கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல், உடம்புவலி, அசதி எல்லாம் முதியவர்களைவிட இளைஞர்களுக்கே அதிகம் வருகிறது. எம்ஆர்என்ஏ ஊசிகளில் முதல் தவணையைவிட இரண்டாவதில் அதிகம். இளம் உடம்பின் எதிர்ப்பு மண்டலம் சுறுசுறுப்பாகப் பதில் சொல்வதுதான் காரணம். ஆஸ்துமாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. போட்ட கையின் பக்கமே அக்குளில் நெறி கட்டுவதும் இதில் சேர்ந்ததே. சில நாள்களில் வற்றிவிடும். காய்ச்சலே வராதவருக்கு ஊசி பலிக்கவில்லை என்றும் அர்த்தமில்லை.

சரி, ஊசிக்குப் பிறகு நெஞ்சு இறுகினால் அது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஊசி போட்டு எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதே மிகப் பெரிய துப்பு.

முதல் அரை மணி நேரத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றைப்போல ஒன்று தோன்றும். மயக்கம், பதற்றத்தில் வரும் மூச்சுவாங்கல், கடும் ஒவ்வாமை. இளவயதினரிடம் மிகச் சாதாரணமாக நடப்பது மயக்கம். முகம் வெளிறும், வியர்க்கும், தோல் சில்லிடும், நாடி மெதுவாகும். படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும். தடிப்போ அரிப்போ இருக்காது. இதில் உண்மையான ஆபத்து விழுந்து தலையில் அடிபடுவது. அதனால்தான் 15 நிமிடம் உட்காரச் சொல்கிறார்கள். முன்பு ஊசி போட்டபோது மயங்கிய அனுபவம் இருந்தால் படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம்; கேட்கத் தயங்க வேண்டாம்.

பதற்ற மூச்சுவாங்கலில் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு ஓடும். விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரமரக்கும். காற்று போதவில்லை என்று தோன்றும், ஆனால் நெஞ்சில் விசில் சத்தம் இருக்காது, பீக் ஃப்ளோ (ஒரே வீச்சில் ஊதும்போது காற்று வெளியேறும் உச்ச வேகம்) குறையாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இங்கேதான் நீல இன்ஹேலரைத் திரும்பத் திரும்ப அடித்துக் கைநடுக்கத்தையும் படபடப்பையும் கூட்டிக்கொள்கிறார்கள். மூக்கால் மெல்ல இழுத்து, உதட்டைக் குவித்து இரண்டு மடங்கு நேரம் ஊதிவிட்டால் சில நிமிடத்தில் அடங்கும்.

கடும் ஒவ்வாமை அபூர்வம். வழக்கமான தடுப்பூசிகளில் பத்து லட்சம் தவணைக்கு ஒன்றிரண்டு பேர். எம்ஆர்என்ஏ ஊசிகளில் சற்றுக் கூடுதலாக, ஐந்தை ஒட்டி. அபூர்வமானாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவருக்கு இது வந்தால் மூச்சுப் பக்கம் மிகக் கடுமையாகத் தாக்கும். நாடி வேகமாகும். உடம்பில் தடிப்பும் அரிப்பும் பரவும். உதடும் நாக்கும் வீங்கும், குரல் கம்மும், வாந்தி வரலாம், கூடவே இழுப்பு. தோலில் ஒன்றும் மூச்சில் ஒன்றும் சேர்ந்து வந்தால் அதை ஆஸ்துமா என்று எண்ணி இன்ஹேலரை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. சால்பியூட்டமால் மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்தும், அதோடு சரி. தொண்டை வீக்கத்தையும் இறங்கும் ரத்த அழுத்தத்தையும் அது தொடாது. அவை மூன்றையும் ஒருசேரச் சரிசெய்வது அட்ரினலின். தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில் தசைக்குள் போடுவார்கள். எடைக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவருக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம், தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. மூச்சுத் திணறினால் உட்கார்ந்தே இருக்க வேண்டும், தலைசுற்றினால் படுக்க வேண்டும். எழுந்து நடக்கவே கூடாது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தொடங்கினாலும் சிலருக்குச் சில மணி நேரம் கழித்தும் வருவதுண்டு. வீட்டுக்கு வந்த பிறகு தடிப்போடு இழுப்பு வந்தாலும் ஆம்புலன்ஸைத்தான் அழைக்க வேண்டும்.

இரண்டாவது கட்டம், ஆறு மணி நேரம் தொடங்கி இரண்டு நாள் வரை. காய்ச்சல், நடுக்கம், உடம்புவலி எல்லாம் வரும் நேரம் இது. ஆஸ்துமா அதிகம் தொந்தரவு செய்யும் பின்னிரவு நேரமும் இதற்குள் வந்துவிடும். உங்களுக்கு வந்தது இந்தக் கட்டத்தில். இது ஒவ்வாமை அல்ல. அடுத்த தவணைக்குத் தடையும் அல்ல. உண்மையான இழுப்பு என்றால் இருமலும் விசில் சத்தமும் இருக்கும், மூச்சை வெளியே விடுவதுதான் கடினமாக இருக்கும், பீக் ஃப்ளோ இறங்கியிருக்கும், நீல இன்ஹேலருக்குப் பதினைந்து நிமிடத்துக்குள் இளகும்.

மூன்றாவது கட்டத்தை இளைஞர்கள், குறிப்பாக ஆண்கள், தெரிந்துவைத்திருப்பது மிக முக்கியம். எம்ஆர்என்ஏ கொரோனா ஊசிக்குப் பிறகு அபூர்வமாக இதயத்தசையிலோ அதைச் சுற்றிய உறையிலோ அழற்சி வருகிறது. அதிகம் காணப்பட்டது பதின்வயது முதல் இருபதுகளின் இறுதி வரையிலான ஆண்களிடம், இரண்டாவது தவணைக்குப் பிறகு, ஒரு வாரத்துக்குள். நெஞ்சுவலி, மூச்சுவாங்கல், படபடப்பு ஆகியவை அறிகுறிகள். மூன்றையும் ஆஸ்துமா என்று எளிதில் எண்ணிவிடலாம் என்பதே இதன் சிக்கல். படபடப்புக்கு நீல இன்ஹேலரே காரணம் என்றும் தோன்றிவிடும். வேறுபாடு இதுதான்: விசில் சத்தமில்லை, பீக் ஃப்ளோ வழக்கம்போல இருக்கிறது, ஆனால் நெஞ்சு வலிக்கிறது, இன்ஹேலர் அடித்தும் மாற்றமில்லை. படுத்தால் வலி கூடி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறைகிறது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அன்றே மருத்துவமனைக்குப் போய் இன்ன தேதியில் ஊசி போட்டேன் என்று சொல்லுங்கள். இசிஜியும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். பெரும்பாலோர் ஓய்விலும் எளிய சிகிச்சையிலும் தேறிவிடுகிறார்கள்; ஆனால் உறுதியானால் சில மாதம் ஓட்டம், விளையாட்டு, உடற்பயிற்சி எதுவும் கூடாது. உங்களுக்குச் சென்ற முறை அன்றிரவே தொடங்கி, இன்ஹேலருக்கு அடங்கியிருந்தால் கதை வேறு. அடங்கவில்லை, வலி சில நாள் நீடித்தது என்றால் அடுத்த தவணைக்கு முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மூன்று கட்டத்திலும் பீக் ஃப்ளோ என்ற சொல் வந்துகொண்டே இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சிறு கருவி உங்களிடம் இல்லையென்றால் வாங்கிவிடுங்கள். நின்றபடி, முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, நெஞ்சு நிறைய இழுத்து, உதட்டால் இறுகப் பிடித்து ஒரே வீச்சில் வேகமாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி மூன்றில் பெரிய எண்ணை எழுதுங்கள். சராசரி போட வேண்டாம். ஆஸ்துமா நன்றாக இருக்கும் இரண்டு வாரத்தில் காலையும் மாலையும் ஊதிக் கிடைக்கும் உச்ச எண்தான் உங்கள் சொந்த அளவு. அது 500 என்றால், 400க்கு மேல் இருக்கும்வரை ஊசி போடத் தடையில்லை. 400க்கும் 250க்கும் நடுவில் இருந்தால் தள்ளிப்போட்டுச் சிகிச்சையைச் சரிசெய்ய வேண்டும். 250க்குக் கீழே போனால் அது அவசரம், ஊசியைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஊசிக்குப் பின் முதல் ஒரு வாரம் தொடர்ந்து எழுதிவையுங்கள்.

தயாரிப்பு நான்கு வாரம் முன்பே தொடங்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் முழுப் பலன் தர அவ்வளவு நாள் பிடிக்கும். ஊசிக்கு முந்தின நாள் இரட்டிப்பாக அடித்தால் ஈடாகாது. அந்த நான்கு வாரத்தில் உங்களையே கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் பகலில் தொந்தரவு இருந்ததா? இரவில் ஒரு முறையாவது இழுப்பால் விழித்தீர்களா? வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீல இன்ஹேலர் தேவைப்பட்டதா? வழக்கமான வேலையையோ விளையாட்டையோ விட வேண்டியிருந்ததா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் கட்டுப்பாடு முழுமையில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு ஊசிக்குப் போங்கள். நீல இன்ஹேலரை மட்டுமே நம்பியிருக்கும் பழக்கம் 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஆபத்து என்பதால் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்கள் 2019 முதல் அதைப் பரிந்துரைப்பதில்லை. தினசரி இன்ஹேலர் அடிக்கடி விட்டுப்போகிறது என்றால், பியூடசோனைடு என்ற ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் ஃபார்மோட்டராலும் கலந்த ஒரே இன்ஹேலரைத் தினசரிக்கும் இழுப்புக்கும் பயன்படுத்தும் முறை உங்களுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள்.

காய்ச்சலில் மூச்சு வேகமாக ஓடும்போது வெறும் இன்ஹேலரை வாயில் வைத்து அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே நின்றுவிடும். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வையுங்கள். குலுக்கி, ஒரே ஒரு முறை அழுத்தி, ஸ்பேசர் வழியாக நான்கு முறை மூச்சு இழுத்து விடுங்கள். பிறகு மறுபடி குலுக்கி அடுத்தது. அவசரத்தில் இரண்டு, மூன்று முறை சேர்த்து அழுத்தினால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து ஸ்பேசரின் சுவரிலேயே படிந்துவிடும். பிளாஸ்டிக் ஸ்பேசரைத் துணியால் துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். பாத்திர சோப்புத் தண்ணீரில் முக்கியெடுத்துத் துடைக்காமல் காயவிட வேண்டும். பல நாளாகத் தொடாத இன்ஹேலர் என்றால் முதலில் இரண்டு முறை காற்றில் அழுத்திப் பாருங்கள்.

சால்பியூட்டமால் இப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் காத்திருந்து குறையாவிட்டால் இன்னும் நான்கு. அதற்கும் அடங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது என்றால் உடனே ஆம்புலன்ஸ். வரும்வரை இதையே தொடருங்கள். அடங்கிவிட்டு மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சலுக்கு முதல் தேர்வு பாராசிட்டமால். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மிகாமல். ஊசிக்கு முன்பே முன்னெச்சரிக்கையாகப் போட வேண்டாம். காய்ச்சலோ வலியோ வந்த பிறகு போதும். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குக் கடும் இழுப்பைத் தரும். மூக்கில் சதை வளர்ச்சி, ஓயாத மூக்கடைப்பு, மணம் தெரியாமை உள்ளவர்களிடம் இது அதிகம். மாத்திரை போட்டு அரை மணி முதல் மூன்று மணி நேரத்தில் வரும். ஊசிக்குப் பிறகு வந்த இழுப்பு என்று நினைப்பதில் சில உண்மையில் ஊசிக்காகப் போட்ட மாத்திரையால் வந்தவை. முன்பு பலமுறை ஐபுப்ரோஃபென் போட்டு ஒன்றும் ஆகாதவருக்குத் தடையில்லை. இதுவரை போட்டதே இல்லை என்றால் ஊசி போட்ட இரவில் முதன்முதலாகச் சோதிக்க வேண்டாம். சென்ற முறை எந்த மாத்திரை போட்டீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர்கள், கடும் காய்ச்சல் ஒரு நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சலில் அந்த மருந்து உடம்பிலிருந்து வெளியேறுவது குறைந்து, குமட்டலும் படபடப்பும் வரும் அளவுக்கு ஏறலாம்.

முட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் புளூ ஊசி போட்டுக்கொள்ளலாம். எம்ஆர்என்ஏ கொரோனா ஊசியில் முட்டையே கிடையாது. முட்டை கண்டிப்பாகப் பொருட்படுத்தப்படுவது மஞ்சள்காய்ச்சல் ஊசியில்தான். முந்தைய தவணைக்கே கடும் ஒவ்வாமை வந்திருந்தாலோ, ஊசியில் உள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற பொருளுக்கு ஒவ்வாமை உறுதியாகியிருந்தாலோ ஒவ்வாமை நிபுணரைப் பார்க்காமல் போடக் கூடாது. ஒமலிசுமாப், மெபோலிசுமாப் போன்ற ஆஸ்துமா ஊசியைப் புதிதாகத் தொடங்குபவர்கள் தடுப்பூசியையும் அதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. எதற்கு எது காரணம் என்று பிறகு குழப்பம் வராது.

புளூ ஊசியையும் கொரோனா ஊசியையும் ஒரே நாளில் இரு கைகளிலும் போடலாம், தவறில்லை. ஆனால் சென்ற முறை பட்ட பாட்டைப் பார்க்கும்போது, உங்களுக்கு இரண்டு வாரம் இடைவெளி விட்டுப் போடுவதே சரி என்பது என் கருத்து. முதலில் புளூ ஊசி. மறுநாள் விடுப்பு உள்ள நாளாக, அன்றிரவு வீட்டில் இன்னொருவர் இருக்கும் நாளாகப் பாருங்கள். காலை இன்ஹேலரை வழக்கம்போல அடித்துவிட்டு, நீல இன்ஹேலரும் ஸ்பேசரும் பையில் இருக்க, எழுதிவைத்த பீக் ஃப்ளோ தாளோடு போங்கள். ஊசி போடுபவரிடம் சென்ற முறை நடந்ததை நேரத்தோடு சொல்லி, 15 நிமிடத்துக்குப் பதில் 30 நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். முடிந்தால் அம்மாவையும் அழைத்துப் போங்கள். அவர் நேரில் கேட்க விரும்பும் கேள்விகளும் இருக்கும்.